அதட்டினால்தான் வேலை நடக்குமா?

கேள்வி: என் பொறுப்பில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். தன்மையாகச் சொன்னால் எவரும் பொருட்படுத்துவதில்லை. அதட்டினால் மாலைக்குள் வேலை முடிந்துவிடுகிறது. அப்படியிருக்க, கடுமை கூடாது என்று ஏன் உபதேசம் செய்கிறார்கள்?

பதில்: அதட்டலுக்கு உடனடிப் பலன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிந்த வேலை உங்கள் கண்ணில் படுவதுபோல, உங்களிடம் சொல்லாமல் மறைக்கப்பட்டவை கண்ணில் படுவதில்லையே! அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுக்கும்போது நேரும் பிழைகளை 1990-களில் ஆராய்ந்தார். நல்ல தலைமை வாய்த்த குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அத்தகைய குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தது வியப்பைத் தந்தது. நேர்ந்த பிழையை அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடத்தில் அது பதிவேட்டுக்கு வருகிறது, தலைமைக்கு அஞ்சி நடுங்கும் இடத்தில் மறைந்துபோகிறது என்பதே அவர் கண்ட விளக்கம். டொயோட்டா தொழிற்சாலைகளில் கோளாறைக் காணும் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உதவிக்கு ஆள் அழைக்கலாம். உரிய நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். இழுத்தவரைத் திட்டும் பழக்கம் இருந்தால் யார் அந்தக் கயிற்றைத் தொடுவார்கள்?

தன்மையாகச் சொன்னால் நடப்பதில்லை என்கிறீர்கள். நீங்கள் சொன்ன சொற்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். "கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நன்றாயிருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், யார், எதை, எப்போதைக்குள் முடிக்க வேண்டும் என்பது எவருக்கும் விளங்காது. கோபத்தில் கத்தும்போதுதான் "இந்தக் கணக்கை நீ நான்கு மணிக்குள் கொடு" என்று தெளிவாகச் சொல்லியிருப்பீர்கள். வேலையை நடத்தியது அந்தத் தெளிவாகவும் இருக்கலாம். அதையே தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள். அப்படியும் ஒருவர் தொடர்ந்து தட்டிக்கழித்தால், அவரைத் தனியே அழைத்து, எது நடக்கவில்லை என்பதைச் சொல்லி, அடுத்த கெடுவையும் எழுத்தில் கொடுங்கள். ஒருவர் செய்த தவறுக்காகப் பன்னிரண்டு பேரையும் நடுங்க வைப்பது நிர்வாகமே அன்று.

கேள்வி: என் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டிவிட்டு, பிறகு தன் அறைக்கு அழைத்து, "மனதில் வைத்துக்கொள்ளாதே" என்கிறார். என்ன செய்வது?

பதில்: பலர் பார்க்க இழைத்த அவமானத்துக்குத் தனியறையில் சொல்லும் ஆறுதல் ஈடாகாது. இத்தகையவர்களுக்குத் தாம் நல்லவர் என்ற எண்ணமும் வேண்டும், திட்டும் வசதியும் வேண்டும். அடுத்த முறை அந்த அறையிலேயே, "குறையைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன், ஆனால் அதையும் இப்படித் தனியாகவே சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

கேள்வி: மேலதிகாரியின் ஏச்சும் இழிவுபடுத்தலும் சட்டப்படி துன்புறுத்தலாகுமா?

பதில்: அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்று, 2021-இல் நடைமுறைக்கு வந்த 190-ஆம் உடன்படிக்கை, உடலுக்கு மட்டுமின்றி மனத்துக்குத் தீங்கு விளைவிக்கும் நடத்தையையும் பணியிடத் துன்புறுத்தலில் சேர்க்கிறது. அது ஒரே ஒரு முறை நிகழ்ந்தாலும் பொருந்தும். ஆயினும் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும். வேலையில் குறை காண்பதெல்லாம் துன்புறுத்தல் ஆகிவிடாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நடந்தவற்றைத் தேதியோடும், உடனிருந்தவர் பெயரோடும் அன்றன்றே குறித்து வைத்து, முதலில் உங்கள் நிறுவனத்தின் புகார் விதிகளைப் படியுங்கள்.