பேசாத வகுப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் டொரோண்டோவில் வளர்ந்தவள். ஆங்கிலம் கற்பிக்கத் தென்கொரியாவின் குவாங்ஜுவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகள். கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை. சக ஆசிரியர்கள் முதல் நாளே வயதைக் கேட்டார்கள். கூட இருக்கும் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், முகம் மாறிவிட்டது. என்னைப் பிடிக்கவில்லையோ என்று இரவில் அழுகை வருகிறது. நீங்கள் அங்கே இரண்டு வருடம் கற்பித்தவர் என்பதால் எழுதுகிறேன்.

த.

அன்புள்ள த.,

அழாதீர்கள். பிடிக்காமல் இல்லை.

வயதைக் கேட்டது வம்புக்கு அல்ல. நாம் 'வா', 'வாங்கோ' என்று ஆள் பார்த்துப் பேசுகிறோம் இல்லையா, கொரிய மொழியில் அந்தப் படிகள் இன்னும் அதிகம். வயது தெரிந்தால்தான் உங்களிடம் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெளிவாகும். பிறந்த ஆண்டைச் சொல்லிவிடுங்கள். பிறந்தவுடனே ஒரு வயது என்று எண்ணும் பழைய கணக்கைச் சட்டம் 2023 ஜூனில் ஒதுக்கிவிட்டாலும், பேச்சில் அது இன்னும் போய்விடவில்லை. அந்த ஆசிரியையைக் குடும்பப் பெயரோடு 'சொன்செங்னிம்' சேர்த்து அழையுங்கள். நம் ஊரில் 'டீச்சர்' என்பது மாதிரிதான். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அழைப்பதும் அப்படியே.

மௌனத்துக்கு வருகிறேன். முதல் மாதம் நான் பிள்ளைகளின் பெயர்களைப் பலகையில் சிவப்பு மையால் எழுதினேன். உயிரோடு இருப்பவரின் பெயரைச் சிவப்பில் எழுதுவது அங்கே அபசகுனம். வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு சிறுமி மட்டும் எழுந்து வந்து, நீலப் பேனாவை இரண்டு கையாலும் நீட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஏன் என்பதைப் பிறகு இன்னொரு ஆசிரியைதான் விளக்கினார்.

கடைசி வரிசைப் பையன் ஒருவன் ஆறு வாரம் பேசவே இல்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின், சட்டைப் பையில் டூத் பிரஷ் செருகியபடி என் மேசைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தான். அன்று நான் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் விடை இருந்தது. எல்லாமே சரி. அத்தனை பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம்தான் அவனைக் கட்டிப்போட்டிருந்தது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

அப்புறம், உச்சரிப்பு. இதில் உங்களுக்கு வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழே துணை. கொரிய மொழியில் 'ஃப்' ஒலி கிடையாது. ஆவணக் கோப்பு என்ற பொருளில் வரும் 'ஃபைல்' அவர்கள் வாயில் 'பாயில்' ஆகிறது, காபி 'கொப்பி' ஆகிறது. உங்கள் அம்மம்மாவும் 'கோப்பி' என்றுதானே சொல்வார்? 'பஸ்' என்பதை அவர்கள் 'பொஸு' என்பதும், நம் பெரியவர்கள் 'பஸ்ஸு' என்பதும் ஒரே பழக்கம்தான்: ஈற்றில் ஓர் உயிரொலியைச் சேர்த்தால்தான் நாக்கு சமாதானமாகும். மூக்கைச் சுளிக்கும் ஆசிரியரைவிட, அந்த நாக்கோடு வளர்ந்தவர் பொறுமையாகத் திருத்துவார்.

நாளை ஒன்று செய்து பாருங்கள். கேள்வியைக் கேட்டதும் யாரையும் எழுப்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, "உன் நண்பன் என்ன சொன்னான்?" என்று கேளுங்கள். தப்பானாலும் அது நண்பனின் விடை என்பதால் பயமில்லாமல் சொல்வார்கள். என் வகுப்பு அப்படித்தான் முதலில் பேசியது. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.