அந்தப் பாட்டை அழிக்க வேண்டாம்

கேள்வி: பல வருடம் பழகியவர், வீட்டில் பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். எனக்கு ஜாஸ் கேட்கப் பழக்கியவரே அவர்தான். அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடிய ‘பாடி அண்ட் சோல்’ (Body and Soul) பாட்டை இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு அழுகிறேன். “முதலில் அதை போனிலிருந்து அழி” என்கிறாள் அறைத்தோழி. எனக்கோ, அதை ஒரே ஒருமுறை அவருக்கு அனுப்பிவிட்டால் மனசு ஆறும்போல இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: அன்புள்ள சகோதரி,

அழிக்க வேண்டாம். அனுப்பவும் வேண்டாம்.

1930-ல் ஜானி கிரீன் மெட்டமைத்த பாட்டு அது. கைவிடப்பட்ட பிறகும் ‘நான் முழுக்க உன்னுடையவள்தான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் குரல். அதை அனுப்பினால், உங்களுக்காக அவள் போய் அவரிடம் கெஞ்சுவாள். அவர் இப்போது இன்னொரு பெண்ணின் கணவர். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நொந்துபோவது நீங்கள்தான்.

கேட்பது வேறு. 1940-ல் பில்லி ஹாலிடே பாடிய அந்தப் பதிவில் எங்காவது குரல் உடைகிறதா, கவனியுங்கள். உடையாது. தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, சொல்ல மனமில்லாததைச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக வைக்கிறார். அழுகையை அவர் தன் பிடியில் வைத்திருப்பதால்தான் நமக்கு அழுகை வருகிறது. இதை உங்களுக்குக் காட்டியவர் போய்விட்டார் என்பதற்காக நீங்கள் ஏன் இதையும் இழக்க வேண்டும்?

ஒன்று செய்யுங்கள். அதே பாட்டை கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். ஐந்து வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்பியவர், 1939 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவு செய்தது. மூன்று நிமிடம்தான், பாட்டுவரியே கிடையாது. பாட்டின் அமைப்பு எளிது: நான்கு பகுதிகள், மூன்றுக்கு ஒரே மெட்டு. மூன்றாவது பகுதியில் மட்டும் சுருதி அரைப் படி மேலே ஏறி, அலைந்து, பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஹாக்கின்ஸ் இதை இரண்டு சுற்று வாசிக்கிறார். தொடக்கத்தில் மட்டும் அந்த மெட்டு நமக்கு அடையாளம் தெரியும். பிறகு அவர் அதை விட்டுவிடுகிறார், கடைசிவரை அதற்குத் திரும்புவதே இல்லை. பியானோவும் பாஸ் என்ற கனத்த குரல் தந்திக் கருவியும் அடியில் அதே சோகமான வழியிலேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. அதன்மேல் இவர் புதிது புதிதாக ஏதோ சொல்லிக்கொண்டே ஏறிப் போகிறார். என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டு இசையில் இதற்கு இணையான மூன்று நிமிடங்கள் அதிகமில்லை.

நீங்கள் இப்போது முதல் பகுதியிலேயே நிற்கிறீர்கள். அவர் போனது போனதுதான், அதை மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சோகத்தை வைத்துக்கொண்டே ஹாக்கின்ஸ் எவ்வளவு தூரம் போகிறார் என்று கேளுங்கள். நடுராத்திரியில், இருட்டில், காதில் செருகிக்கொண்டு கேட்காதீர்கள். சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் தோழியையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் இப்படியே போனால் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். துணைக்கு அந்தத் தோழியையே கூப்பிடுங்கள். உங்களைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் அவர் பாட்டை அழிக்கச் சொல்லியிருக்கிறார்.