காஞ்சனபுரியில் சனி, ஞாயிறு: கேட்டவையும் என் பதில்களும்

பாங்காக்கில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். அங்கிருந்து மேற்கே இருக்கும் காஞ்சனபுரிக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. இரண்டு நாள் பயணம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி: அண்ணா, பாங்காக்கிலிருந்து ரயிலா, வேனா? சனி காலை கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பணும்.

பதில்: போக ரயில், வர வேன். ரயில் கிளம்புவது தோன்புரி ஸ்டேஷனில், ஆற்றுக்கு மேற்கே, சிரிராஜ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். ஹுவாலம்போங் இல்லை, பாங் சூவில் கட்டியிருக்கும் புதுப் பெரிய நிலையமும் இல்லை. தப்பான ஸ்டேஷனில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தவர்கள் நிறையப் பேர், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். காலை 7:50 வாக்கில் ஒன்று, மதியம் இரண்டு மணி வாக்கில் ஒன்று, அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, முன்பதிவு கிடையாது, வெளிநாட்டவருக்கு எவ்வளவு தூரம் போனாலும் 100 பாட். 130 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்டு வயல்களைப் பார்த்துக்கொண்டே போகும் அந்தக் காலைப்பொழுதை வேன் தராது. திரும்பும்போது உடம்பு அலுத்திருக்கும், அப்போது வேன் சரி.

காஞ்சனபுரியையும் தாண்டி, பாதை முடியும் 'நாம் தோக்' ஸ்டேஷன் வரை போவதானால் இடது பக்கம் உட்காருங்கள். தாம் கிராசே பக்கத்தில் மரக்கால்கள் மேல் தண்டவாளம் போகும், ரயில் நடை வேகத்துக்கு இறங்கிவிடும். இடது பக்கம் கீழே குவே நோய் ஆறு, வலது பக்கம் கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் பாறை. அந்த இடத்தில் தலையை வெளியே நீட்டாதீர்கள்.

கேள்வி: குவாய் நதிப் பாலம் ஒரிஜினலா சார்? படத்தில் மரப்பாலம்தானே வரும்?

பதில்: 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில். அங்கே படத்துக்காகக் கட்டியது அது. இங்கே நிற்பது இரும்புப் பாலம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் பர்மாவுக்கு ரயில் பாதை போட்டபோது 1943-ல் முடித்தது, அப்புறம் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. பாலத்தின் மேல் நடக்கும்போது மேல்வளைவுகளைக் கவனியுங்கள். வில் மாதிரி வளைந்திருப்பவை பழையவை, நடுவில் நேர்க்கோட்டில் மூலை வைத்து நிற்கும் இரண்டும் போருக்குப் பிறகு மாற்றியவை. ரயில் இன்றும் ஓடுகிறது, சத்தம் கேட்டதும் ஓரத்தில் உள்ள ஒதுங்கு மேடைக்குப் போய்விடுங்கள், செல்ஃபி அப்புறம். இன்னொன்று, அது 'குவே'. குவாய் என்றால் தாய்லாந்து மொழியில் எருமை.

கேள்வி: புலிக் கோயில் போகலாமா?

பதில்: 2016-லேயே மூடிவிட்டார்கள். யானைச் சவாரியும் வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி: ரயில் எந்த ஸ்டேஷனில் அண்ணா?

பதில்: தோன்புரி. மேலே இருக்கிறது.

கேள்வி: எரவான் அருவியும் ரயில் பயணமும் ஞாயிற்றுக்கிழமையே முடியுமா? குழந்தைகள் கூட வருகிறார்கள்.

பதில்: முடியாது அக்கா, ஏதாவது ஒன்று. குழந்தைகள் என்றால் எரவான். ஊரிலிருந்து 65 கிலோமீட்டர், ஏழு அடுக்கு, முதல் மூன்று நான்கு போதும். தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி மாதிரி இருக்கும், மீன்கள் வந்து காலைக் கடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. குரங்குகள் பையைத் தூக்கிவிடும், அதில்தான் கவனம் வேண்டும். காலை முதல் பஸ்ஸில் போய்விடுங்கள், மாலை நான்கு மணியை ஒட்டிக் கடைசி பஸ், தவறினால் டாக்சிக்காரர் சொல்வதுதான் விலை.

கேள்வி: ஆற்றில் மிதக்கும் அறைகள் எப்படி?

பதில்: அழகுதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி பாட்டு போட்டுக்கொண்டு மிதவைகள் போகும், தூக்கம் முக்கியம் என்றால் பாலத்தைவிட்டுத் தள்ளி எடுங்கள்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

பதில்: "ஜே" என்று கேளுங்கள். மஞ்சளில் சிவப்பு எழுத்துக் கொடி தொங்கும் கடைகள் அவை, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. மற்ற கடைகளில் கீரை வறுவலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள்.

கேள்வி: ரயில் போட்டபோது இறந்த நம் தமிழர்களின் கல்லறை ஊர் நடுவிலேயே இருக்கிறதாமே?

பதில்: இல்லை தம்பி. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்கள், ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு, அதில் பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. நான் முதல் தடவை போனபோது ஒரு மணி நேரம் வரிசை வரிசையாகத் தமிழ்ப் பெயர் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

ஜப்பான் ராணுவம் பர்மா வரை போட்டது 415 கிலோமீட்டர் பாதை. அதில் வேலை செய்த கைதிகள் சுமார் 60,000 பேர், ஆசியக் கூலிகள் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் அதிகம், அதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள். போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலை இல்லை, சம்பளம் உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள், வராதவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள். கைதிகளுக்கு அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், இறந்தவர் பெயரை ஒளித்தாவது எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளுக்கு யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள், குழியில் போட்டார்கள், எரித்தார்கள். பெயர் எழுத ஆள் இல்லாததால்தான் கல் இல்லை.

கேள்வி: ஜாலியா வீக்கெண்ட் போறோம் பாஸ், இந்தச் சோகக் கதை எல்லாம் தேவையா?

பதில்: நீங்கள் போகும் ரயிலே அந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அருவியில் குளியுங்கள், சந்தையில் சாப்பிடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: அவருக்கு நான் சொல்கிறேன் அண்ணே. எங்கள் தாத்தாவோட அண்ணன் மலாயாவில் பேராக்கிலிருந்து சயாமுக்கு, அதாவது இந்தத் தாய்லாந்துக்குப் போனவர், திரும்பவில்லை. பாட்டி சாகும்வரை திதி எந்த நாளில் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தார். அவருக்காக நிற்க ஓர் இடமாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது தம்பி, இரண்டு இடம். ஒன்று, பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியர்களே 1944-ல் வைத்த நினைவுத்தூண். அதன் சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டு, அதில் ஒன்று தமிழ். ஆட்களைச் சாகடித்தவர்களே வைத்தது என்று கோபம் வரும், எனக்கும் வந்தது, ஆனாலும் அந்த எழுத்தின் முன்னால் நகர முடியாமல் நின்றேன். இன்னொன்று, வாத் தாவோன் வராராம் என்ற பௌத்தக் கோயில். அங்கே தொழிலாளர்களுடைய எலும்புகளை வைத்திருக்கும் நினைவிடம் இருக்கிறது, 2023-ல் தமிழில் எழுதிய நடுகல்லும் வைத்தார்கள்.

கேள்வி: விசா வேண்டுமா? அப்புறம் ரயில் எந்த ஸ்டேஷன்?

பதில்: விசா விதி மாறிக்கொண்டே இருக்கும், தூதரகத் தளத்தில் பாருங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும், அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. ஸ்டேஷன் தோன்புரி, தோன்புரி, தோன்புரி. இனி இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அண்ணே, பேராக்கிலிருந்து கேட்டவன்தான். அம்மாவோடு டிசம்பரில் வருகிறோம். அந்தக் கோயிலில் நம் முறைப்படி ஏதாவது செய்யலாமா?

பதில்: பூவும் ஊதுபத்தியும் வைக்கலாம், வேறு எதுவானாலும் பிக்குகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். அம்மாவுக்கு வெயில் ஆகாது, சனிக்கிழமை இறங்கியதும் பையை ரூமில் போட்டுவிட்டு மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். வரும் தேதியை எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன்.