பி.எஸ்சி. முடித்தவர் பொறியியலுக்கு மாற முடியுமா?

முடியும். பலரும் கேட்கும் வழி, லேட்டரல் என்ட்ரி. அதாவது முதலாம் ஆண்டைத் தாண்டி நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வது. படிப்பு மூன்று ஆண்டில் முடியும். பிளஸ் டூவில் கணிதம் படித்திருப்பது முக்கியம். பலருக்கு வாசல் அடைபடுவது இங்கேதான். பி.எஸ்சி.யில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் அது இதற்கு ஈடாகாது.

ஓர் ஆண்டை ஏன் விட்டுத் தருகிறார்கள்? பி.இ. முதலாம் ஆண்டில் பெரும்பகுதி கணிதம், இயற்பியல், வேதியியல். அவற்றில் கணிசமானதை பி.எஸ்சி.யில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். பார்த்திராதவை பொறியியல் வரைபடமும் பொறியியல் இயக்கவியலும். நடுவழி ஸ்டேஷனில் ரயில் ஏறியவர் மாதிரிதான்: பெட்டி அதே பெட்டி, ஆனால் முதல் ஸ்டேஷனில் மற்றவர்கள் ஏற்றிய மூட்டை உங்களிடம் இருக்காது. அந்தத் தாள்களை இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்தே எழுத வேண்டிவரும். அரியர் விழுவதும் பெரும்பாலும் இதில்தான். உதாரணமாக, வரைபடத் தாளில் வரும் முதல் கோண வீழல் (ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்ஷன்) முறையில், ஒரு பொருளின் மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைய வேண்டும். பழகாத கை அதை மேலே வரைந்துவிடும். சேர்வதற்கு முந்தைய விடுமுறையிலேயே டிராஃப்டர் என்ற வரைகருவியைப் பிடித்துப் பழகுங்கள்.

எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குச் சில எம்.டெக். பிரிவுகள் நேரடியாகவே திறந்திருக்கின்றன. இயற்பியல்காரர்களுக்குப் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) நல்ல தேர்வு.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வை பி.எஸ்சி. மாணவரும் எழுதலாம் என்பதால், மதிப்பெண் வந்தாலே எம்.டெக். இடம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வெழுதும் தகுதி வேறு, சேர்க்கைத் தகுதி வேறு, பெரும்பாலான எம்.டெக். படிப்புகள் பி.இ. அல்லது எம்.எஸ்சி. கேட்கும்.