முன்பணம் கட்டும் முன் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள்

கேள்வி: நான் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்; கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 1.8 லட்சம் ரூபாய் வரும். எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் படித்ததில்லை. மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் 2 தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் கல்லூரியின் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, இப்போதே 50,000 ரூபாய் கட்டினால் நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் உறுதி என்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூன்று வட்டிக்கு 1.5 லட்சம் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கலாமா, என்னிடம் உள்ள நான்கு பவுன் நகையை விற்கலாமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் வட்டிக் கணக்கைப் பார்ப்போம். 1.5 லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 4,500 ரூபாய். உங்கள் இருவரின் மாத வருமானம் சுமார் 15,000 ரூபாய். அதில் பத்தில் மூன்று பங்கு வட்டிக்கே போய்விடும். மகள் படிக்கும் நான்கு ஆண்டுகளில் 2.16 லட்சம் ரூபாய் வட்டி கட்டிய பிறகும் அசல் 1.5 லட்சம் அப்படியே நிற்கும்.

இதைவிட முக்கியமானது, கல்லூரியில் எந்த வழியாகச் சேர்கிறோம் என்பது. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-இல் சட்டமாக வந்தது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் பெறும் மாணவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. அதே கல்லூரியில், அதே வகுப்பில், நிர்வாக ஒதுக்கீட்டில் உங்கள் மகள் சேர்ந்தால் இந்த உரிமை முழுவதும் கைவிட்டுப் போகும். ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சென்ற ஆண்டு ஒரு தந்தை என்னிடம் ஒரு ரசீதைக் கொண்டுவந்தார். ஒரு கல்லூரியில் முன்பணமாக அவர் கட்டிய 40,000 ரூபாய், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'சேர்க்கைப் பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று அச்சாகியிருந்தது. மகனின் அசல் மதிப்பெண் சான்றிதழும் அங்கேயே இருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் அவற்றைத் திரும்ப வாங்க அந்த மனிதர் எத்தனை நாள் கூலியை இழந்தார் என்று கேட்டபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் விரும்பிய இடம் கிடைக்காமல், பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைக்கவும் வாய்ப்புண்டு. அப்போது முதல் பட்டதாரி சலுகை கைகொடுக்கும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அது ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே இது கிடைக்கும் என்பதால், இளையவர்கள் இருந்தால் யாருக்குப் பயன்படுத்துவது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பதால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இவை தவிர, அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். பேருந்துச் செலவும் நோட்டுப் புத்தகச் செலவும் அதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் குறைந்தால் வட்டிக்காரரிடம் போகாதீர்கள். வங்கிக் கல்விக் கடனே சரி. நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் (NAAC) அல்லது என்பிஏ (NBA) என்ற தேசியத் தர மதிப்பீட்டு அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கீகாரத்தைப் பார்த்துவிடுங்கள். வங்கி மேலாளர் 'முடியாது' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல், வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்களில் கூட்டம் அதிகம். ஆறாம் வகுப்பிலிருந்து மகள் எந்தெந்தப் பள்ளிகளில் படித்தாளோ, அவை ஒவ்வொன்றிலும் படிப்புச் சான்று வாங்குங்கள். இடையில் ஓர் ஆண்டு அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் 7.5 சதவீத ஒதுக்கீடு சிக்கலாகும் என்பதால், அதை இப்போதே சரிபார்த்துவிடுவது நல்லது. கலந்தாய்வுக்குப் பின் ஒதுக்கீட்டு ஆணை வந்ததும், அதில் எந்த ஒதுக்கீடு என்று அச்சாகியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போங்கள், 7.5 சதவீதம் என்றிருந்தும் கல்விக் கட்டணம் கேட்டால் அந்த ஆணையைக் காட்டுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.