பிளேனுக்கு எண்ணெய் அடிக்கிற பிள்ளை

கேள்வி: என் தங்கையின் மகனைக் கைக்குழந்தையிலிருந்து ஒன்பது வயதுவரை நான்தான் வளர்த்தேன். 2006 ஏப்ரலில் எங்கள் பக்கம் விமானங்கள் குண்டு போட்டபோது அவனுக்கு நாலு வயது. இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். பிறகு தாய் தகப்பனிடம் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். இப்போது அந்த நாட்டு விமானப்படையில் சேர்ந்து, ஏதோ ஒரு அரபு நாட்டில் நிற்கிறான். எந்த நாடு என்று கேட்டால் சொல்கிறான் இல்லை. என்ன வேலை என்றால், "பிளேனுக்கு எண்ணெய் அடிக்கிறேன் பெரியம்மா" என்று சிரிக்கிறான். நான் பயப்படக்கூடாது என்று பொய் சொல்கிறானா? என் அவருடைய ஆட்கள், "அமெரிக்கா போய்ப் பெற்றோல் ஷெட்டில் வேலையா?" என்று பகிடி பண்ணுகிறார்கள். அவனுடைய சீருடைப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கோபித்துக்கொண்டு அழிக்கச் சொன்னான். உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தை என்னாலும் கனநேரம் பார்க்க முடியவில்லை. விமானச் சத்தத்துக்கு ஓடிய நான், இவனுக்காகக் கோணேசரிடம் நேர்த்தி வைத்திருக்கிறேன். அவனோடு என்ன கதைப்பதென்றே தெரியவில்லை.
– பெரியம்மா, சம்பூர்

பதில்: தங்கச்சி, அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான். அவசியமே இல்லை. விமானப்படை என்றால் எல்லோரும் பறக்கிறார்கள் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்க விமானப்படையின் முழுநேரப் பிரிவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். இருபது பேரை வரிசையில் நிறுத்தினால் அதில் ஒரு விமானி வருவதே சந்தேகம். மற்ற எல்லோரும் நிலத்தில் கால் ஊன்றி நிற்கிறவர்கள்.

எனக்கு இது சின்ன வயதிலேயே தெரியும், அதுவும் ஒரு பகிடியாகத்தான். என் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் சீனக்குடா விமானத் தளத்தில் வேலை செய்தவர். "நான் ரோயல் எயார்போர்ஸ்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிந்தார். பார்த்தால் மனுசன் ஸ்டோரில் பீப்பாய் எண்ணியவர். ஒரு நாள்கூட விமானத்தில் ஏறியதில்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அவரை அடக்குவா. அப்போதெல்லாம் அப்பா சொல்லும் பதில் ஒன்றுதான்: "நான் எண்ணாவிட்டால் அவன் எப்படிப் பறப்பான்?"

அவர் சொன்னதில் வீம்பு கொஞ்சம் இருந்தாலும் பிழை இல்லை. 1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி சீனக்குடாவிலிருந்து அமெரிக்கர்களின் பி-29 குண்டு விமானங்கள் 54 கிளம்பின. சுமாத்திராவில் ஜப்பான்காரன் கையில் இருந்த பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் குறி. போய்வர ஆறாயிரம் கிலோமீற்றருக்கும் மேல். அதற்காகவே சீனக்குடா ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள். ஒரு விமானம் திரும்பி வரும்போது எண்ணெய் தீர்ந்துபோய், ஊருக்குத் தொண்ணூறு மைல் இருக்கக் கடலில் இறங்கியது. ஒருவர் இறந்தார், மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். எண்ணெயை அழிக்கப் போன விமானம் எண்ணெய் இல்லாமல் விழுந்த கதை அது. உங்கள் பகிடிக்கார உறவுக்கு இதைச் சொல்லுங்கள். கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் நடந்ததுதான்.

சரி, உங்கள் மகன் (பெரியம்மாவுக்கும் அவன் மகன்தானே) செய்கிற வேலைக்கு வருகிறேன். பெற்றோல் ஷெட் மாதிரித்தான், ஆனால் ஷெட் நிற்கும் இடம் வேறு. அவர்களுடைய பவுசர் ஒன்று ஏறக்குறைய 22,700 லீற்றர் கொள்ளும். சி-17 என்ற பெரிய சரக்கு விமானத்தின் தாங்கிகளை முழுதாக நிரப்ப அப்படி ஆறு பவுசர் வேண்டும். பெரிய தளங்களில் நிலத்துக்கடியில் குழாய் போட்டு நேரே ஓடுபாதைப் பக்கம் கொண்டுவந்திருப்பார்கள். புதிதாகத் திறந்த இடங்களில் பவுசர்தான் கதி. அதற்குள் இருக்கும் திரவம் நமக்குப் பழக்கமானது. நம் குப்பி விளக்கில் எரிந்த மண்ணெண்ணெயின் சொந்தக்காரன். அதையே நன்றாகச் சுத்தம் செய்து, உறையாமலிருக்க ஒரு மருந்து, மின்பொறி பிடிக்காமலிருக்க ஒரு மருந்து என்று கலந்திருக்கிறார்கள்.

எண்ணெய் வேகமாகக் குழாயில் ஓடும்போது மின்னேற்றம் உண்டாகும். ஒரு பொறி போதும். அதனால் குழாயைத் தொடுவதற்கு முன் பவுசரையும் விமானத்தையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். பிறகு தண்ணீர். நம் ஊரில் மோட்டார் சைக்கிள் தாங்கிக்குள் தண்ணீர் போனால் றோட்டோரம் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் தேடலாம். மேலே முப்பதாயிரம் அடியில் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்தால் நிறுத்துவதற்கு றோட்டோரம் இல்லை. ஆகவே கண்ணாடிப் போத்தலில் மாதிரி பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக, பளிச்சென்று இருக்க வேண்டும். கலங்கல் தெரிந்தால், அடியில் தூசி தெரிந்தால், அந்த எண்ணெய் போகாது. எவ்வளவு பெரிய அதிகாரி அவசரப்படுத்தினாலும் போகாது. இருபத்திமூன்று வயதுப் பெடியன் "வேண்டாம்" என்று சொல்லி விமானத்தை நிறுத்தலாம். இதற்கென்று டெக்சாஸில் ஷெப்பர்ட் என்ற தளத்தில் பாடசாலையே வைத்திருக்கிறார்கள். 2022இல் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற நாம், எண்ணெய் அடிப்பவனைப் பார்த்துச் சிரிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அவனைச் சுற்றி வேறு ஆட்களும் நிற்பார்கள். சரக்கை எடை பார்த்து, எந்தப் பெட்டி எந்த இடத்தில் என்று அடுக்கிக் கட்டுகிறவர்கள், எஞ்சின் பார்ப்பவர்கள், ஓடுபாதையில் விழுந்த கல்லைப் பொறுக்குகிறவர்கள், வாயிலில் காவல் நிற்பவர்கள், வானிலை சொல்பவர்கள், தாதிமார், சமையல்காரர்கள், சம்பளக் கணக்கு எழுதுகிறவர்கள், கூடாரத்துக்குக் குளிரூட்டி பூட்டுகிறவர்கள், பாதிரியார்கூட. வெளிநாட்டில் ஒரு தளம் என்றால் அது சின்னப் பட்டினம் மாதிரி. நம் நாட்டு விமானப்படையும் 2014இல் ஐ.நா. பணிக்கு மத்திய ஆபிரிக்கக் குடியரசுக்கு ஹெலிகொப்டர்களோடு போனது. அங்கேயும் ஓட்டுபவர்கள் சிலர்தான், மிச்சம் எல்லாம் ஸ்பானரும் சட்டியும் பிடித்த கைகள்.

ஆபத்து இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கிறது. நான் மூடி மறைத்தால் நாளைக்கு யாராவது யூடியூப்பில் ஊதிப் பெருப்பித்துக் காட்டுவார்கள். 2024 ஜனவரியில் ஜோர்தானில் ஒரு தளத்தின் மீது ட்ரோன் விழுந்து மூன்று அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். மூவரும் தரைப்படையின் பொறியியல் பிரிவு ஆட்கள், சண்டைக்குப் போனவர்கள் இல்லை. 2025 ஜூனில் கட்டாரில் உள்ள அல் உதெய்த் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகள் விட்டது. அங்கே ஒருவரும் சாகவில்லை. ஆக, பின்னால் நின்று வேலை செய்கிறவனுக்குக் குறைந்த ஆபத்து என்பது சரி, ஆபத்தே இல்லை என்பது சரியில்லை. பொதுவாக இந்த அனுப்பல் ஆறு மாத அளவில் முடியும். நீங்கள் நேர்த்தியை அப்படியே வைத்திருங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எந்த நாடு என்று சொல்லாதது உங்களை நம்பாததால் இல்லை. அது அவர்களுக்குச் சட்டம். ஒரு படத்தில் பின்னால் தெரிகிற கட்டடம், தோளில் உள்ள பிரிவின் சின்னம், "இன்றைக்கு ஐந்து பிளேன் வந்தது" என்ற ஒரு வரி, இவை போதும் தேடுகிறவனுக்கு. குடும்பக் குழுவில் நாற்பது பேர் இருந்தால் அது குடும்பம் இல்லை, சந்தி. படத்தை அழித்தது நல்லது. இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கப் படைக்காரன் என்று சொல்லிக் காசு பிடுங்குகிற கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. உங்கள் மகனுக்குக் காயம், அவசரமாகப் பணம் அனுப்புங்கள் என்று யாராவது எடுத்தால் தொலைபேசியை வைத்துவிட்டுத் தங்கைக்கு எடுங்கள். உண்மையில் ஒன்று நடந்தால் படை நேரே தாய் தகப்பனுக்குத்தான் அறிவிக்கும். இங்கே வீட்டில் ஒரு துக்கம், அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றாலும் தங்கை மூலம்தான் போங்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் படைக்குச் செய்தி அனுப்ப அவர்களுக்கு வழி இருக்கிறது.

இனி, நீங்கள் கடிதத்தின் கடைசியில் ஒற்றை வரியில் போட்டுவிட்டுப் போன விஷயம். படத்தைக் கனநேரம் பார்க்க முடியவில்லை என்கிறீர்கள். இதற்குச் சமாதானமாக ஒன்றைச் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு விருப்பமில்லை.

"அவன் எண்ணெய்தானே அடிக்கிறான், குண்டு போடவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அவன் அடிக்கிற எண்ணெயில் மருந்து கொண்டு போகிற விமானமும் பறக்கும், குண்டு கொண்டு போகிற விமானமும் பறக்கும். பவுசரில் அதற்குத் தனித்தனிக் குழாய் இல்லை. 2021 ஆகஸ்ட் 15ஆம் திகதி காபூலிலிருந்து ஒரே சி-17இல் 823 பேரை ஏற்றி அல் உதெய்த்துக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துத் தரையில் நெருக்கியடித்து இருந்த அந்தச் சனத்தின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த விமானத்துக்கும் யாரோ ஒரு பெடியன்தான் எண்ணெய் அடித்தான். சுனாமிக்குப் பிறகு நம் நாட்டுக்கு நிவாரணம் கொண்டுவந்த அமெரிக்க விமானங்களுக்கும் அப்படித்தான். அதே நாட்டுப் படையின் குண்டுகளுக்குப் பயந்து ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிய பெரியம்மாக்களும் இருக்கிறார்கள். என் அப்பா எண்ணிய பீப்பாய்களும் பலெம்பாங்குக்குப் போயிருக்கும். அவர் அதை ஒரு நாளும் கதைத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே உங்கள் நெஞ்சு இரண்டுபட்டுக் கிடப்பதில் பிழை இல்லை. அதை ஒன்றாக்கவும் பார்க்காதீர்கள். பிள்ளைமேல் உள்ள பாசத்துக்காக 2006ஐ மறக்க வேண்டியதில்லை, 2006க்காகப் பிள்ளையை வெறுக்க வேண்டியதும் இல்லை. அவனுக்கு அப்போது நாலு வயது என்கிறீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்குச் சத்தம் ஞாபகம் இருக்கும். இடுப்பில் தூக்கியது யார் என்பதும் ஞாபகம் இருக்கும். ஓடுபாதையில் நின்று அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்கிற அவனுக்கு உங்களிடம் சொல்ல ஏதாவது இருக்கலாம். ஆனால் இப்போது தொலைபேசியில் அதைக் கிளற வேண்டாம். பன்னிரண்டு மணி நேர வேலை, அதிலும் எரிகிற வெயிலில். முடித்துவிட்டு வந்து படுக்கிற பிள்ளை. அந்த நேரத்தில் இந்தப் பாரத்தைத் தலையில் வைத்தால் தனியாகத்தான் சுமப்பான். திரும்பி வந்து, லீவில் ஊருக்கு வந்தால், வீட்டு முற்றத்தில் வைத்துக் கதையுங்கள். நீங்கள் தொடங்க வேண்டி வராது, அவனே தொடங்குவான் என்று நினைக்கிறேன்.

அதுவரை என்ன கதைப்பது? எங்கே, எத்தனை, எப்போது என்று தொடங்கும் கேள்விகளை விட்டுவிடுங்கள். அவனால் பதில் சொல்ல முடியாது, சொல்ல முடியாமல் சங்கடப்பட்டுத் தொலைபேசியை வைக்கப் பார்ப்பான். என்ன சாப்பிட்டான், பக்கத்துக் கட்டிலில் எந்த ஊர்ப் பெடியன், சூடு தாங்க என்ன செய்கிறார்கள், மண்ணெண்ணெய் மணம் கையை விட்டுப் போகிறதா, இப்படிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அரை மணி நேரம் கதைப்பான் பாருங்கள். நேரத்தையும் யோசியுங்கள். வளைகுடா நாடுகள் நமக்கு ஒன்றரை மணி, இரண்டரை மணி நேரம் பின்னால் நிற்கின்றன. இரவு வேலை என்றால் நீங்கள் சோறு ஆக்குகிற நேரம் அவன் அப்போதுதான் கண் மூடியிருப்பான். எடுக்காவிட்டால் பயப்படாமல் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து விட்டுவிடுங்கள். கோழி கூவுகிறதும், பின்னால் யாரோ உங்களைக் கூப்பிடுகிறதும் சேர்ந்து பதிந்தால் இன்னும் நல்லது. எழும்பினதும் கேட்பான்.