குளிருதுன்னு கிரில் அடுப்ப உள்ள தள்ளாதீங்க

கேள்வி: வெளியில குளிர் தாங்கல, கராஜ் கதவ பாதி தொறந்து வச்சுட்டு உள்ளயே கிரில் போடலாமா?

பதில்: வேணவே வேணாம்ங்க. கரி எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது நெறமும் கெடையாது, லேசா தலைவலிக்குதேன்னு நெனைக்கறதுக்குள்ள ஆளையே சாய்ச்சிடும், கதவு முழுசா தொறந்திருந்தாலும் நம்பக்கூடாது. செவுத்துலேந்து 3 மீட்டராவது தள்ளி, பனிய வழிச்சுட்டு சமமான தரையில வைங்க. மப்ளர் நுனிய ஸ்வெட்டருக்குள்ள சொருகிக்கோங்க, குனிஞ்சா மொதல்ல அதுதான் தீயில விழும் (எனக்கு ஒருதடவ பொசுங்கியிருக்கு). கேஸ் கிரில்னா ப்யூட்டேன் 0 டிகிரியிலயே மக்கர் பண்ணும், ப்ரொப்பேன்தான் சரி, அது மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். மூடிய சும்மா சும்மா தொறந்தா சூடு பூரா போயிடும், சிக்கன் மேல கருகிடுச்சேன்னு எறக்கிடாம நடுவுல தெர்மாமீட்டர குத்தி 74 டிகிரி வந்துச்சான்னு பாத்துட்டு எடுங்க.